தடுப்பூசியால் பாதிப்பு வந்தால் யாரிடம் போவது? மனு எழுதும் முன் நாங்கள் எடைபோட்ட வழிகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாதம் ஒருமுறை கூடுகிற எங்கள் சிறு நுகர்வோர் குழு, அடுத்த கூட்டத்தில் ஒரு மனுவை முடிவு செய்தாக வேண்டும். 14 வயதுச் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடுவதற்கென 2025-26ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டபோது தொடங்கிய பேச்சு இது. அந்த ஊசி வர வேண்டும் என்பதில் எங்களில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், "எங்கேயோ ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா, அந்தத் தாய் யார்கிட்ட போய் நிப்பா?" என்று ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் கேட்டதும் கூட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. நீதிமன்றக் கதவு திறந்திருக்க வேண்டும், அதுவும் இலவச ஊசிக்கும் சேர்த்துத் திறக்க வேண்டும் என்றார் வழக்கறிஞர் நண்பர். வழக்கு வழக்கு என்று மிரட்டினால் கம்பெனிக்காரன் சரக்கையே அனுப்ப மாட்டான், முதலில் அவனுக்குப் பாதுகாப்புக் கொடுங்கள் என்றார் புதுச்சேரியில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறவர். லாபம் என்ற ஒன்று நடுவில் இருக்கும் வரை இரண்டும் பயன் தராது, அரசே தயாரிக்கட்டும் என்றார் தொழிற்சங்கத்தில் இருந்த மூத்தவர். முப்பது ஆண்டுகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்தவன் என்பதால், மூன்றையும் ஒப்பிட்டுக் குறிப்பு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பொறுப்பு என்பது எத்தனை கைகளில் பிரிந்து கிடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆலையிலிருந்து புறப்படும் குப்பி மாநிலக் கிடங்கு, மண்டலக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு என்று படிப்படியாக இறங்கி எங்கள் நிலையத்தின் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பெட்டிக்குள் வந்து சேரும். அந்தப் பெட்டி 2 டிகிரிக்குக் குறையாமலும் 8 டிகிரிக்கு மிகாமலும் இருக்கிறதா என்று காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்து ஏட்டில் எழுதிக் கையெழுத்திடுவது என் வேலை. குப்பியின் மேல் வி.வி.எம். என்று நாங்கள் சொல்லும் ஊதா வட்டம் ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு வெளிறிய சதுரம். சூடு படப்பட அந்தச் சதுரம் கருக்கும், வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். ஆனால் சூடுபட்ட கதையைச் சொல்லும் அந்தச் சதுரம், உறைந்துபோன கதையைச் சொல்லாது. ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பெண்டாவேலண்ட் குப்பி ஐஸ் பேக்கோடு ஒட்டிக் கிடந்து உறைந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், குலுக்கி மேசைமேல் வைத்து, துகள்கள் அடியில் இறங்கும் வேகத்தை, வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய வேறொரு குப்பியோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். தட்டம்மை ஊசியோ பொடியாக வரும். கரைப்பானில் கலந்து 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டும்.

இத்தனை படிகளில் எந்தப் படியில் பிசகியது என்பதைப் பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தில் முந்திரி உடைக்கப் போகும் ஒரு தாய் நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதே ஒரு கொடுமை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எந்தப் படியிலும் எந்தப் பிசகும் இல்லாமல், மிக அரிதாக, ஓர் உடம்பு ஊசியை ஏற்காமல் போகலாம். அப்போது குற்றவாளியே இல்லை. குற்றவாளி இல்லையென்றால் வழக்கில் வெற்றியும் இல்லை. ஆனால் பாதிப்பு மட்டும் வீட்டில் படுத்திருக்கும். ஊராருக்கெல்லாம் கவசமாகும் ஒரு காரியத்தில் ஒரே ஒரு குடும்பம் அதன் முழுச் சுமையையும் சுமப்பது சரியா என்பதுதான் நாங்கள் முடிவு செய்ய வேண்டிய கேள்வி. வழக்கும் லாபமும் நல்லவையா கெட்டவையா என்ற வாதத்தை நான் அதற்கு உட்பட்டதாகத்தான் பார்க்கிறேன்.

முதல் வழி: வழக்கு

வழக்குகளைச் சாடுவது எளிது. ஆனால் வழக்கால் வந்த நன்மையைச் சொல்லாமல் சாடுவது நியாயமாகாது. 1955இல் அமெரிக்காவில் கட்டர் ஆய்வகம் தயாரித்த போலியோ ஊசியின் சில தொகுதிகளில் கிருமி சாகாமல் இருந்துவிட்டது. ஏறத்தாழ 200 பேர் முடமானார்கள், 10 பேர் இறந்தார்கள். 1958இல் அந்த வழக்கை விசாரித்த நடுவர் குழு, நிறுவனம் கவனக்குறைவாக நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு, ஆனாலும் பழுதான பொருளை விற்றதற்காக இழப்பீடு தர வேண்டும் என்றது. தவறு செய்யாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்ற அந்தக் கருத்து பிற்காலத்தில் கம்பெனிகளின் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த விபத்து அரசின் கண்காணிப்பை இறுக்கியது, நிறுவனங்கள் பரிசோதனையில் அலட்சியம் காட்ட முடியாமல் அந்தத் தீர்ப்பு செய்தது.

நம் பக்கத்தில் 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தையின் கதை இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை கெடும் வாய்ப்பு உண்டு, உரிய வாரத்தில் கண்ணைச் சோதித்தால் காப்பாற்றலாம். யாரும் சொல்லவில்லை, பார்வை போயிற்று. தேசிய நுகர்வோர் ஆணையம் 2009இல் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் அதை 1.8 கோடியாக உயர்த்தியது. தீர்ப்பு வந்தபோது அந்தக் குழந்தைக்கு வயது 18. தொகை பெரியது, தீர்ப்பு சரியானது, ஆனாலும் ஒரு பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம் வரை ஒரு குடும்பம் படிக்கட்டு ஏறி இறங்கியிருக்கிறது. சென்னையிலிருந்து டெல்லி வரை போகும் தெம்பு உள்ளவர்களுக்கே இந்த நிலை.

அப்படிப் போகவும் எல்லோருக்கும் பாதை இல்லை. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில் சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தபோது, எல்லோருக்கும் முழுக்க இலவசமாகத் தரப்படும் சேவையை அதிலிருந்து விலக்கிவிட்டது. அதன் விளைவைக் கவனியுங்கள். கிருமாம்பாக்கம் பக்கம் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்து ஊசி போட்ட தகப்பன் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதே நாளில் அதே நோய்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்ட தகப்பன் போக முடியாது. அவருக்கு உள்ளவை சிவில் வழக்கும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும்தான். ஏழையின் கையில் பில் இல்லாததால் உரிமையும் இல்லை. இலவசச் சேவையையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று வழக்கறிஞர் நண்பர் சொல்வதன் நியாயம் இதில்தான் இருக்கிறது. அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை.

என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. அரசு நிலையத்தில் வழக்கு என்று வந்தால் ஆலைக்காரனோ கொள்முதல் செய்த அதிகாரியோ முதலில் அகப்பட மாட்டார். ஊசியைக் கையில் பிடித்த செவிலியர்தான் அகப்படுவார். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்துபோன அந்த வாரத்தை என் தலைமுறை ஊழியர்கள் மறக்க மாட்டார்கள். எங்கள் நிலையத்தில் அடுத்த புதன்கிழமை வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. வழக்கமாக முதல் ஆளாக வந்து திண்ணையில் இடம் பிடிக்கும் பாட்டிகூடப் பேரனைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. அதன்பின் ஊர் ஊராகப் போய் அங்கன்வாடியில் ஊசி போடும் முறை நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் நிலையத்துக்குத் தாய்மாரை வரச் சொல்லும் முறை வந்தது. அது பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டதுதான். ஆனால் இரண்டு பேருந்து மாறி வர வேண்டிய கூலிக்காரப் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06இல் 80.9 சதவீதம், 2015-16இல் 69.7 சதவீதம். 2019-21இல் அது 89.2 சதவீதமாக ஏறியது. நடுவில் விழுந்த பள்ளத்துக்கு அந்த ஒரு முடிவுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பயம் ஒரு துறையை எவ்வளவு தூரம் உள்ளுக்கு இழுக்கும் என்பதற்கு அதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்வேன்.

மருத்துவமனைகளிலும் இதுதான் நடக்கிறது. நம் பகுதியில் சிறு நர்சிங் ஹோம்களில் இரவு பத்து மணிக்கு மேல் சிக்கலான பிரசவம் வந்தால், "கோரிமேட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க" என்று சொல்லி ஜிப்மருக்கு அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. கேட்டால் வழக்குப் பயம் என்பார்கள். கிரிமினல் வழக்குக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு தேவை, போலீஸ் முதலில் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 2005இலேயே உச்ச நீதிமன்றம் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொல்லிவிட்டதை நினைத்தால், எல்லாப் பழியையும் வழக்கின் மேல் போடுவதும் முழு உண்மையாகாது. தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் ஏறத்தாழ 64 சதவீதம் அறுவை சிகிச்சை. அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். வழக்குப் பயம் இரண்டு பக்கமும் உண்டு. பில் ஒரு பக்கம்தான் உண்டு. சிக்கலான கர்ப்பிணிகள் பெரும்பாலும் அரசு மருத்துவமனைக்கே அனுப்பப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த இடைவெளி இன்னும் உறுத்துகிறது.

இரண்டாவது வழி: நிறுவனத்துக்குப் பொறுப்பு விலக்கு

மொத்த வியாபாரி நண்பர் சொல்வதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது அமெரிக்காவின் முத்தடுப்பு ஊசிக் கதை. கக்குவான் இருமல் சேர்ந்த அந்த ஊசி மூளையைப் பாதிக்கிறது என்று 1982க்குப் பிறகு வழக்குகள் குவிந்தன. தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். மிஞ்சியவர்கள் விலையை உயர்த்தினார்கள். 1984 டிசம்பரில் தட்டுப்பாடு முற்றி, ஒன்றரை வயதிலும் பள்ளி சேரும் வயதிலும் போடும் தவணைகளைத் தள்ளிவைக்கும்படி அரசே சொல்ல நேர்ந்தது. 1986இல் ஒரு தவணையின் விலை 11 டாலரைத் தாண்டியபோது, அதில் பெரும்பங்கு வழக்குச் செலவுக்கென ஒதுக்கிவைத்த தொகை. பின்னாளில் 2006இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஊசியால் மூளை பாதித்ததாகக் கருதப்பட்ட 14 பேரைச் சோதித்ததில் 11 பேருக்குப் பிறவியிலேயே மரபணுக் கோளாறு இருந்ததைக் காட்டியது. வழக்கு விநியோகத்தைக் கெடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சான்றை அதன் எல்லைக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறுவனங்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டத்தை இயற்றிவிட்டது. 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஊசியின் வடிவமைப்பே குறை என்று வழக்குப் போட முடியாது எனத் தீர்ப்பளித்துப் பாதுகாப்பை இன்னும் கெட்டியாக்கியது. ஆனால் தட்டுப்பாடு வழக்கால் மட்டும் வருவதில்லை. 2004இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்த ஒரே ஓர் ஆலையில் கிருமி கலந்ததால் அமெரிக்காவின் காய்ச்சல் தடுப்பூசியில் ஏறத்தாழ பாதி ஒரே நாளில் கைவிட்டுப் போயிற்று. அது வழக்கால் வந்த தட்டுப்பாடு இல்லை. லாபம் குறைந்த சரக்கு என்று பலரும் விலகி, இரண்டே நிறுவனங்களை நம்பி ஒரு நாடு இருந்ததால் வந்தது. ஆக, வழக்கை நிறுத்தினால் விநியோகம் சரியாகிவிடும் என்பது பாதி உண்மைதான்.

நம் நாட்டில் இந்த வழி ஒருமுறை பேரத்துக்கு வந்தது. 2021இல் ஃபைசரும் மாடர்னாவும் பொறுப்பு விலக்குக் கேட்டன. மத்திய அரசு தரவில்லை. அவை நம் ஊர் மக்களின் கைக்கு வரவில்லை. வெளிநாட்டுக்குக் கொடுத்தால் எங்களுக்கும் கொடுங்கள் என்று புனேயில் தடுப்பூசி தயாரிக்கும் சீரம் நிறுவனமும் கேட்டது. அந்த மே மாதம் தமிழ்நாடு 3.5 கோடி தவணைக்கு உலகளாவிய டெண்டர் விட்டு, ஒரு நிறுவனம்கூட விலைப்புள்ளி தரவில்லை என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும்.

விலக்கும் தரவில்லை, இழப்பீட்டுக்கு நிதியும் வைக்கவில்லை என்பதுதான் கடைசியில் நின்ற நிலை. 2021 டிசம்பரில் புதுச்சேரி அரசு பொது சுகாதாரச் சட்டத்தின்கீழ் கொரோனா ஊசியைக் கட்டாயமாக்கியது. நாட்டிலேயே முதலில் அப்படிச் செய்தது புதுச்சேரிதான். எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் படித்த நான், கட்டாயப்படுத்துகிற அரசு பாதிப்புக்கும் பொறுப்பேற்கும் என்றுதான் நினைத்தேன். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றும், பக்கவிளைவு அறிக்கைகளை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில், ஊசிக்குப் பின் மகளை இழந்த பெற்றோரின் வழக்கில், இழப்பீட்டுக்குத் தான் பொறுப்பல்ல, வேண்டுமானால் சிவில் நீதிமன்றத்தை நாடலாம் என்று மத்திய அரசு எழுத்தில் சொல்லிவிட்டது. இன்னொரு முரணும் உண்டு. புது மருந்தின் சோதனையில் பங்கேற்று ஒருவர் பாதிக்கப்பட்டால் இழப்பீடு தர 2019ஆம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகளில் வழி இருக்கிறது. சோதனை முடிந்து அங்கீகாரம் பெற்ற ஊசியைப் போட்டுக்கொண்ட குழந்தைக்கு அப்படி ஒரு விதி இல்லை.

மூன்றாவது வழி: குற்றம் பாராத இழப்பீடு

அரசே தயாரிக்கட்டும் என்ற மூத்தவரின் யோசனைக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் நான் சேர்க்கும் வழி ஒன்று. யார் தவறு என்று கேட்காமல், பாதிப்பு ஊசியோடு தொடர்புடையதா என்று மட்டும் பார்த்துத் தொகை கொடுக்கும் முறை ஜெர்மனியில் 1961இலேயே வந்துவிட்டது. பிரிட்டனில் 1979இல் சட்டமானது. அமெரிக்காவில் ஒவ்வொரு தவணையிலும் தடுக்கப்படும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வரி பிடித்து அந்த நிதியிலிருந்து கொடுக்கிறார்கள். 1988 முதல் இதுவரை 500 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் முதலில் நிதியிடம் போக வேண்டும். அதில் திருப்தி இல்லாவிட்டால், தயாரிப்பில் பழுது என்று ஆலைமேல் வழக்குப் போடும் உரிமை மிச்சம் இருக்கிறது.

இது வெளிநாட்டுச் சரக்கு, நமக்கு ஒத்துவராது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அவருக்குப் பதில் சொல்ல நான் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் நிலையத்தின் இரும்பு பீரோவே போதும். குடும்பநல (கருத்தடை) அறுவை சிகிச்சைக்குப் பின் இறப்போ, சிகிச்சை தோற்றுக் கர்ப்பமோ ஏற்பட்டால் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுப் படிவங்கள் அதில் கட்டுக்கட்டாக இருந்தன. ஆடு மாடு போல முகாம்களில் பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்வதை எதிர்த்துப் போட்ட பொதுநல வழக்கில் 2005 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் விளைவாக, அந்த ஆண்டு இறுதியில் தேசிய அளவில் காப்பீட்டுத் திட்டம் வந்தது. வீடு திரும்பிய 7 நாட்களுக்குள் இறந்தால் 2 லட்சம், சிகிச்சை தோற்றால் 30,000 ரூபாய் என்பது பின்னர் வந்த தொகை. சிகிச்சை செய்த மருத்துவர்மேல் வழக்கு வந்தாலும் ஒரு வரம்பு வரை அந்தத் திட்டமே ஏற்றது. யார் கத்தி பிசகியது என்று யாரும் கேட்கவில்லை. விண்ணப்பம், சான்று, மாவட்டக் குழுவின் ஒப்புதல், அவ்வளவுதான். ஒரு வழக்கிலிருந்து பிறந்த இந்தத் திட்டம், அதன்பின் எத்தனையோ பேரை வழக்கு வாசலுக்கே போகவிடாமல் செய்திருக்கிறது. நாட்டின் மக்கள்தொகையைக் கட்டுப்படுத்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாய்க்கு இருக்கும் பாதுகாப்பு, நாட்டின் நோயைக் கட்டுப்படுத்த ஊசி போட்டுக்கொண்ட மகளுக்கு ஏன் இல்லை என்று எங்கள் மனு கேட்க வேண்டும் என்பது என் முதல் பரிந்துரை.

பணத்துக்கு எங்கே போவது? நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கோடிக் குழந்தைகள் பிறக்கின்றன. ஒரு குழந்தைக்கு இருபது தவணை என்று குறைவாகவே வைத்தாலும் 50 கோடித் தவணை. தவணைக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு 50 கோடி ரூபாய். விபரீதங்கள் அரிது என்று அரசு சொல்வது உண்மையானால் (அது உண்மைதான்) இந்தத் தொகை நாளடைவில் மிஞ்சிக்கொண்டே போகும்.

இந்த வழியின் நோய் வேறு. அதைக் கடலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிப்காட் தொழிற்பேட்டையின் புகைக்கும் கழிவுக்கும் நடுவில் வாழ்கிறவர்களுக்கு, போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1991இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் பற்றித் தெரியும். ஆபத்தான பொருளைக் கையாளும் ஆலையில் விபத்து நடந்தால் குற்றம் பாராமல் இழப்பீடு என்று சொன்ன அந்தச் சட்டம், ஓர் உயிருக்கு வைத்த தொகை 25,000 ரூபாய். விலைவாசி எங்கேயோ போன பிறகும் பல ஆண்டுகள் அந்த எண் அப்படியே கிடந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான்: தடுப்பூசியால் இறப்பு நேர்ந்தால் தரும் 2,50,000 டாலர் 1986இல் எழுதியபடியே இருக்கிறது. பிரிட்டனில் 1,20,000 பவுண்டு 2007இலிருந்து நகரவில்லை, அதுவும் 60 சதவீதம் ஊனம் என்று நிரூபித்தால்தான் கிடைக்கும். வழக்கு மெதுவாக வந்தாலும் அன்றைய விலைவாசியைக் கணக்கில் எடுக்கும். நிதியோ சீக்கிரம் வந்தாலும் பழைய விலைவாசியிலேயே நின்றுவிடும். ரயில் விபத்தில் இறந்தால் தரும் தொகையை 4 லட்சத்திலிருந்து 8 லட்சமாக 2017இல் உயர்த்தினார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல். ஆனால் தானாக உயராத தொகை எப்போதும் யாரோ ஓர் அமைச்சரின் மனம் இரங்கக் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

லாபம் நடுவில் வரும் இடம்

தொழிற்சங்க மூத்தவரின் கேள்விக்கு வருகிறேன். லாபம் என்றாலே கெடுதல் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்த ஊசியின் விலை நூற்றுக்கணக்கான ரூபாயிலிருந்து சரிந்து சில ஆண்டுகளில் சாமானியர் தொடும் நிலைக்கு வந்தது. அரசு ஆலை எதுவும் அதைச் செய்யவில்லை. லாபம் தேடி வந்த ஒரு புதிய கைதான் செய்தது. மறுபக்கம், 2018இல் என் பேத்திக்கு நிமோனியா ஊசி போடப் புதுச்சேரியில் ஒரு கிளினிக்குக்குப் போனபோது தவணைக்கு 3,800 ரூபாய் கொடுத்தேன். மூன்று தவணையும் பூஸ்டரும் சேர்த்தால் அன்றைக்கு என் ஓய்வூதியத்தில் பெரும்பாதி. அன்று சந்தையில் போட்டி மிகக் குறைவு. 2020 டிசம்பரில் சீரம் நிறுவனத்தின் சொந்த நிமோனியா ஊசி வந்தது. 2021இல் அது நாடு முழுவதும் அரசு நிலையங்களில் இலவசமானது. லாபம் வேண்டும் என்பவர்கள் பலராக இருக்கும்போது விலை இறங்குகிறது. ஒருவராக இருக்கும்போது ஏறுகிறது. இதில் தத்துவம் ஒன்றும் இல்லை, உழவர் சந்தையில் கத்தரிக்காய் விற்கும் கணக்குதான்.

பலர் இருந்தும் கொள்முதல் சிதறினால் என்ன ஆகும் என்பதை 2021 மே மாதம் காட்டியது. மத்திய அரசு தவணைக்கு 150 ரூபாய் கொடுத்துவந்த கோவிஷீல்டுக்கு மாநிலங்களுக்கு 300, தனியார் மருத்துவமனைகளுக்கு 600 என்றும், கோவாக்சினுக்கு மாநிலங்களுக்கு 400, தனியாருக்கு 1,200 என்றும் விலை வைக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் மே 31 தேதியிட்ட உத்தரவில் அந்தக் கொள்கையை முதல் பார்வையிலேயே தன்னிச்சையானது என்று கேள்வி கேட்டது. ஜூன் 7 அன்று பிரதமர் மாநிலங்களின் பங்கையும் பழையபடி மத்திய அரசே கொள்முதல் செய்யும் என்று அறிவித்தார். இங்கே லாப வெறியைத் தடுத்தது ஒரு வழக்குதான் என்பதை மொத்த வியாபாரி நண்பர் கவனிக்க வேண்டும்.

அரசு ஆலையின் கதைதான் மனத்துக்குக் கஷ்டமானது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கியது, காசநோய்த் தடுப்பூசி தயாரிக்கும் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் 1948இல். என் பணிக்காலத்தின் முதல் பாதியில் எங்கள் பெட்டியில் இருந்த முத்தடுப்பும் பி.சி.ஜி.யும் பெரும்பாலும் இவற்றிலிருந்தும் இமாச்சலத்தின் கசௌலியில் உள்ள மத்திய அரசு ஆலையிலிருந்தும் வந்தவை. 2008 ஜனவரியில் உற்பத்தித் தரவிதிகள் பின்பற்றப்படவில்லை என்று மூன்றின் உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்தியது. பொதுநல வழக்கும் எதிர்ப்பும் வந்து 2010 பிப்ரவரியில் நிறுத்தம் நீங்கியது. தரவிதி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். குளிர்பெட்டி ஏட்டில் கையெழுத்துப் போட்டவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் பழுது பார்க்க வேண்டிய வீட்டைப் பூட்டிவிட்டு வாடகை வீட்டுக்குப் போன கதை அது. அந்த இடத்தை நிரப்ப 2012இல் 594 கோடி ரூபாய்த் திட்டமாக ஒப்புதல் பெற்ற செங்கல்பட்டு ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம், நாடே ஊசிக்கு ஏங்கிய 2021இல் ஒரு குப்பிகூடத் தராமல் நின்றது. லாப நோக்கம் இல்லாவிட்டால் ஊசி தானாக வந்துவிடாது என்பதற்கு அந்த வளாகத்தின் மதில் சுவரைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

எங்கள் முடிவு

இவ்வளவையும் அடுக்கிப் பார்த்த பிறகு நான் குழுவின் முன் வைக்கும் வரைவு இதுதான். அரசுத் திட்டத்தில் போடப்படும் எல்லாத் தடுப்பூசிக்கும், குடும்பநலத் திட்டத்தின் மாதிரியில், குற்றம் பாராத இழப்பீட்டு நிதி வேண்டும். விண்ணப்பம் மாவட்ட அளவிலேயே பெறப்பட்டு, பக்கவிளைவை ஆராயும் குழுவின் அறிக்கை பெற்றோருக்குத் தமிழில் தரப்பட வேண்டும். சந்தேகம் இருந்தால் அதன் பலன் குடும்பத்துக்குப் போக வேண்டும். ஊசி போட்ட செவிலியரைத் தனிப்பட்ட வழக்கிலிருந்து இந்த நிதி காக்க வேண்டும். நிறுவனத்துக்கு முழு விலக்குத் தரக் கூடாது: ஆலையில் பழுது, மறைக்கப்பட்ட பரிசோதனை முடிவு ஆகியவற்றுக்கு வழக்கு உரிமை அப்படியே இருக்க வேண்டும், நிதி கொடுத்த தொகையை நிறுவனத்திடம் வசூலிக்கும் உரிமை அரசுக்கும் இருக்க வேண்டும். கொள்முதலைச் சிதறவிடாமல், குறைந்தது ஓர் அரசு ஆலையை ஒவ்வொரு அடிப்படை ஊசிக்கும் தரத்தோடு இயங்க வைக்க வேண்டும், அது விலை குறைவாக விற்பதற்காக மட்டுமன்றி, தனியார் சொல்லும் அடக்க விலை உண்மையா என்று நமக்குத் தெரிவதற்காகவும்.

சிறுமியருக்கான ஊசியில் இதற்கு அவசரம் அதிகம். 2009-10இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் இதே நோய்க்கான ஊசியைச் சோதனை முறையில் போட்டபோது, பல இடங்களில் பழங்குடி விடுதிச் சிறுமியருக்காக விடுதிக் காப்பாளரே ஒப்புதலில் கையெழுத்திட்டார்கள். இழப்பீட்டுக்கு ஏற்பாடு இல்லை. ஏழு சிறுமியர் இறந்தார்கள். நீரில் மூழ்கியது, பாம்புக் கடி போன்ற காரணங்கள் கண்டறியப்பட்டு, இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணை சொன்னது. ஆனாலும் 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது, 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. நல்ல ஊசி ஒன்று இந்த நாட்டுப் பெண்களில் பெரும்பாலோரைச் சேராமல் பத்தாண்டுக்கு மேல் போயிற்று. ஜப்பானில் 2013இல் அரசு இதே ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்திவைத்ததும், 70 சதவீதம் அளவில் இருந்த பயன்பாடு ஒரு சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. மீண்டும் பரிந்துரைக்க 2022 ஆயிற்று.

வழக்கறிஞர் நண்பர் வரைவைப் படித்துவிட்டு ஒரு திருத்தம் கொடுத்திருக்கிறார்: நிதியின் தொகையை ஏற்றுக்கொண்டவர் வழக்கு உரிமையை இழக்கிறார் என்று அரசு பின்னால் ஒரு வரி சேர்த்துவிடும், அதை முன்கூட்டியே தடுக்கும் வாசகம் வேண்டும் என்கிறார். சரியான எச்சரிக்கை, சேர்த்துவிட்டேன். தொகை எவ்வளவு என்பதில்தான் இன்னும் இழுபறி. சாலை விபத்தில் குற்றம் பாராமல் தரும் 5 லட்சத்தை அடிப்படையாக வைக்கலாம் என்கிறார் மொத்த வியாபாரி. ரயிலின் 8 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது என்கிறார் செவிலியர் அம்மா. நான் வரைவில் எண்ணுக்கு இடம் விட்டு, அதன் கீழே "இத்தொகை ஆண்டுதோறும் நுகர்வோர் விலைக் குறியீட்டுக்கு ஏற்பத் தானாக உயர வேண்டும்" என்ற வரியை மட்டும் மையில் எழுதிவிட்டேன். எண்ணை அடுத்த கூட்டத்தில் பென்சிலால் நிரப்புவோம்.